போதும் அறக்கட்டளை எடுத்த படம்

குறைந்த பொருட்களோடு வாழ்வது எப்படி என்று மக்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காகப் போதும் அறக்கட்டளை பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றை முழுசாக எடுத்துக்கொண்டிருந்தது.

அதுவரை ஐந்து ஆவணப்படங்கள் எடுத்திருந்தார்கள். முதல் படத்தைப் பார்த்தவர்கள் வீட்டுச் சாமான்களைத் தூக்கிப்போட்டார்கள். தூக்கிப்போடும் முன் தரம் பிரித்து வைப்பதற்கு அறக்கட்டளையே வெள்ளைப் பெட்டிகள் விற்றது. இரண்டாவது படம் அந்தப் பெட்டிகளையும் விட்டொழிப்பது பற்றி. அதற்கென்று துணிப்பைகள் வந்தன. மூன்றாவது படத்தில் துணிப்பைகளின் கதி என்னவாயிற்று என்று சொல்லத் தேவையில்லை.

கட்டடத்தின் முன்கூடத்தில் ஒரு வெள்ளை மேசை. அதன்மேல் ஒரே ஒரு கூழாங்கல். அந்தக் கல்லைப் பார்த்துக்கொள்ள ஓர் ஊழியர் இருந்தார். கல்லுக்கு விடுமுறை கிடையாது, ஊழியருக்கு உண்டு என்பதால் மாற்று ஊழியர் ஒருவரும் இருந்தார்.

இந்தக் கட்டடத்துக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோனவள் சாப்பாட்டக்கா. அவளுக்கு வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் போய்விட்டது. விடிகாலையில் அடுப்பைப் பற்றவைத்தால், மதியத்துக்குள் கேரியர்களை அடுக்கி, தன் மூன்று சக்கர மோட்டார் வண்டியில் ஏற்றி, அலுவலகம் அலுவலகமாக இறக்கிவிட்டு வருவாள். வீட்டில் இரண்டு அறை, ஒரு சமையலறை. லிஃப்ட் மெக்கானிக்கான கணவன், செவிலியர் படிப்புப் படிக்கும் மகள், ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்ற மாமனார், இவர்களோடு அண்டா, குண்டா, அகப்பை, கேரியர் என்று ஒரு பெரிய கூட்டமே அந்த வீட்டில் குடியிருந்தது. மாமனார் நடக்கப் பிடித்துக்கொள்ளும் கம்பிச் சட்டம் ஒன்றும் உண்டு. அவருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருந்தன.

அறக்கட்டளையின் தலைவர் மிகக் குறைவாக உண்பவர் என்று ஊழியர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அவர் பெயருக்கு ஒரு கேரியர் போகும். அவருடைய தனி அறையின் பெயருக்கு இன்னொன்று போகும்.

ஒருநாள் அந்தத் தனி அறைக்கே அவளைக் கூப்பிட்டார்கள். தலைவர், படங்களை எடுக்கும் இயக்குநர், வெறுமை ஆலோசகர் என்ற பதவியில் இருந்த அம்மாள் என மூவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அக்கா, உங்க வீட்ல எத்தனை பாத்திரம் இருக்கு?" என்று தலைவர் கேட்டார்.

"எண்ணினதில்லை சார். ஏன், இங்கேர்ந்து கேரியர் மாறிப் போச்சா?"

"பாருங்க!" என்று தலைவர் மற்ற இருவரையும் பார்த்தார். "எண்ணிக்கூடப் பார்க்க முடியலை. இதுதான் நோய்."

"யாருக்கு சார்?" என்று அவள் பதறிப்போய்க் கேட்டாள்.

வெறுமை ஆலோசகர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்குத்தாம்மா. பயப்படாதீங்க. நானும் ஒருகாலத்துல அப்படித்தான் இருந்தேன். இப்ப என்னைப் பாருங்க, கையில ஒரு பைகூடக் கிடையாது. எனக்கு வேண்டியதை எல்லாம் வெளியில நிக்கிறாங்களே மூணு பொண்ணுங்க, அவங்க தூக்கிட்டு வந்துடுவாங்க."

அடுத்த படத்தில் ஒரு சாதாரணக் குடும்பம் தன் சாமான்களை விட்டுவிட்டு நிம்மதி அடைவதைக் காட்டப்போவதாகவும், அந்தக் குடும்பம் அவளுடையது என்றும் இயக்குநர் விளக்கினார். அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று நழுவினாள். லிஃப்ட் வரை கூடவே வந்த நிர்வாக அதிகாரி, "பக்கத்துத் தெருவுலயும் ஒருத்தர் நல்லா சமைக்கிறாராமே, தலைவர் சொல்லிட்டிருந்தார்" என்று பொதுவாகச் சொல்லிவைத்தார். இது மட்டும் அவளுக்கு நன்றாகப் புரிந்தது.

"படம்தானே, எடுத்துட்டுப் போகட்டும்" என்றான் கணவன். "வீடு தேஞ்சா போயிடப்போகுது?"

"வர்றவங்ககிட்ட அடையாள அட்டை இருக்கான்னு கேளு" என்றார் மாமனார். அவர் யாரைப் பற்றியும் இதைத்தான் முதலில் சொல்வார்.

படப்பிடிப்பன்று தெரு முழுக்க லாரிகள். விளக்குக்கு ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று, கேமரா ஓடும் தண்டவாளத்துக்கு ஒன்று. இயக்குநரின் நாற்காலி ஒரு வேனில் தனியாக வந்தது. அவர் உள்ளே வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். முகம் தொங்கிப்போய்விட்டது.

"என்னக்கா இது! எல்லாம் அததும் அததோட இடத்துல இருக்கு?"

"இல்லேன்னா வேலை ஓடாதே சார்."

"அய்யோ, பார்த்தா மூச்சு முட்டணும். ஜனங்க இந்த வீட்டைப் பார்த்து, 'அடப்பாவமே'ன்னு சொல்லணும்." அவர் வெளியே பார்த்துக் கைதட்டினார். "இறக்குங்கப்பா!"

கடைசி லாரி திறந்தது. பழைய செய்தித்தாள் கட்டுகள், கை போன பொம்மைகள், சக்கரம் இல்லாத சைக்கிள், துருப்பிடித்த குளியல் தொட்டி, யாருடையதோ திருமணப் படம், பஞ்சு அடைத்த மான் ஒன்று என்று வரிசையாக உள்ளே வந்தன. எல்லாம் வாடகைச் சாமான். முன்னறையில் ஆள் நிற்க இடமில்லாமல் போயிற்று. மாமனார் தன் கட்டிலிலிருந்து மானை உற்றுப் பார்த்துவிட்டு, "இது யாரோட வந்திருக்கு?" என்று கேட்டார்.

சத்தம் கேட்டு எட்டிப்பார்த்த பக்கத்து வீட்டம்மா வாயில் கைவைத்துக்கொண்டாள். "ஏன்டீ, இத்தனை நாளா இதையெல்லாம் எங்கே வெச்சிருந்தே?"

"ஐயோ அக்கா, இது எங்களோடது இல்லை!"

"அப்படித்தான் எல்லாரும் சொல்லுவாங்க" என்று ஆலோசகர் மென்மையாகக் குறுக்கிட்டார். "மறுப்புங்கறது முதல் கட்டம்."

குளியல் தொட்டியின் விளிம்பில் சாப்பாட்டக்காவை உட்கார வைத்தார்கள். இந்தப் பொருட்கள் என் கழுத்தை நெரிக்கின்றன என்று சொல்லி அழ வேண்டும். அவள் சொன்னாள். அழுகை வரவில்லை. பஞ்சு மான் தோளில் இடித்துக்கொண்டிருந்ததால் சிரிப்புத்தான் வந்தது.

"சார், பொய்யா அழுன்னா எப்படி சார்? இதுல ஒண்ணுகூட என்னோடது இல்லையே."

இயக்குநர் அவள் அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கோபமே இல்லாத குரலில் பேசினார். "அக்கா, நான் இருபது வருஷமா உண்மையை எடுக்கறவன். அதனால சொல்றேன், உண்மையை அப்படியே எடுத்தா யாரும் நம்பமாட்டாங்க. கொஞ்சம் ஏற்பாடு பண்ணித்தான் எடுக்கணும்." பிறகு எழுந்து, "கண்ணீர் கொண்டாங்கப்பா" என்றார். ஒரு பெண் சின்னச் சீசாவோடு ஓடிவந்தாள்.

மறுநாள் வீட்டைக் காலி செய்யும் காட்சி. வாடகைச் சாமான்கள் லாரியில் ஏறின. அவற்றின் பின்னாலேயே வீட்டுச் சாமான்களும் ஏறத் தொடங்கின. அண்டா போயிற்று. கேரியர்கள் போயின. அவள் வாசலுக்கும் உள்ளுக்குமாக ஓடினாள்.

"சார், அது எங்களோடது! நாளைக்கு அதுலதான் சமைக்கணும்!"

"எங்கேயும் போயிடாது அக்கா. ஷூட்டிங் முடிஞ்சதும் வந்துடும்."

சுவர்களுக்கு வெள்ளை அடித்தார்கள். மகளின் பாடப் புத்தகங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று ஆலோசகர் அனுமதி தந்தார். அவரே தேர்ந்தெடுத்தும் கொடுத்தார். அட்டை வெள்ளையாக இருந்தது.

"மேடம், இது போன வருஷப் பாடம்" என்றாள் மகள்.

"பழையதைத் திரும்பப் படிக்கிறதுதாம்மா ஞானம்."

கணவனுக்கு ஒரே ஒரு ஸ்பேனர் அனுமதிக்கப்பட்டது. அதை ஆணியடித்துச் சுவரின் நடுவில் மாட்டினார்கள். அவன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். "இதை வெச்சு நான் எந்த லிஃப்டைக் கழட்டறது?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நல்ல மனிதர், நகைச்சுவை உணர்வு உள்ளவர் என்று பேசிக்கொண்டார்கள்.

மதியம் ஆனதும் படப்பிடிப்புக் குழு மொத்தமும் சமையலறை வாசலில் வந்து நின்றது.

"அக்கா, சாப்பாடு ரெடியா?"

அவள் ஒதுங்கி நின்று சமையலறையைக் காட்டினாள். வெள்ளைக் கிண்ணம் ஒன்றும் வெள்ளைக் கரண்டி ஒன்றும் இருந்தன. குழு பசியோடு அவற்றைப் பார்த்தது. பிறகு வெளியிலிருந்து வரவழைத்தார்கள். பிளாஸ்டிக் டப்பா, டப்பாவுக்குள் டப்பா, அதற்குள் பொட்டலம். தின்றுமுடித்த குப்பை வீட்டின் பின்பக்கம் ஜன்னல் உயரத்துக்குக் குவிந்தது. கேமரா அந்தப் பக்கம் திரும்பாது என்பதால் யாரும் கவலைப்படவில்லை.

கடைசிக் காட்சி மாமனாருடையது. காலியான வெள்ளை அறையில் ஒரு முதியவர் ஜன்னலை நோக்கி நடந்துபோய் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். அவர் தன் கம்பிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார்.

"அந்தக் கம்பியை எடுங்க. கண்ணை உறுத்துது" என்றார் இயக்குநர்.

"சார், அது இல்லாம மாமாவால நிக்க முடியாது" என்றாள் சாப்பாட்டக்கா.

"நிக்க முடியாதுங்கறது, அவர் அதைப் பிடிச்சுக்கிட்டே இருக்கறதால வர்ற எண்ணம்மா" என்றார் ஆலோசகர்.

"மேடம், அது எண்ணம் இல்லை, முழங்கால்!" என்று மகள் குரலை உயர்த்தினாள். அவளை வெளியே அழைத்துப்போய் நிற்கவைத்தார்கள்.

இயக்குநர் கிழவரிடமே நேராகப் பேசினார். "ஐயா, நாலே அடி. உங்களால முடியாதா?"

அதுதான் அவருடைய பலவீனமான இடம். "நான் ஓடற ரயில்ல பெட்டி பெட்டியா நடந்தவன்டா" என்று மாமனார் நிமிர்ந்தார். சட்டத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். முதல் தடவை இரண்டு அடி வைத்து மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டார். தோள் படத்தில் விழுந்துவிட்டது என்று அவளை எட்ட நிற்கச் சொன்னார்கள். அடுத்த தடவை சுவரைப் பிடித்தார். சுவரில் கைத்தடம் விழுந்ததால் திரும்ப வெள்ளை அடித்து, அவரை அறையின் நடுவே நிற்கவைத்தார்கள். அதற்கடுத்த தடவை பிடிக்க எதுவும் இல்லை.

விழுந்த சத்தத்தைவிட மணிக்கட்டின் சத்தம் தெளிவாகக் கேட்டது.

அவள் ஓடினாள். பின்னால் இயக்குநர் தணிந்த குரலில் கேட்டது அவள் காதில் விழுந்தது.

"கேமரா ஓடுதா?"

"ஓடுது சார்."

"நிறுத்தாதே."

தெருவை அடைத்து நின்ற லாரிகளால் எந்த வண்டியும் உள்ளே வர முடியவில்லை. கணவன் அப்பாவைக் கையில் தூக்கிக்கொண்டு முக்கியச் சாலை வரை ஓடினான். வழியெல்லாம் வயர்கள். "பார்த்து, பார்த்து" என்று படப்பிடிப்பு ஆட்கள் கத்தினார்கள். வயர்களுக்காகக் கத்தினார்கள்.

மாமனார் கையில் மாவுக்கட்டோடு திரும்பியபோது தெரு காலியாக இருந்தது. வீடும் காலியாக இருந்தது. கம்பிச் சட்டமும் லாரியோடு போய்விட்டது.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் பன்னிரண்டு மாடிக் கட்டடத்துக்குப் போனாள். அங்கே விடுவிக்கப்பட்ட பொருட்கள் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதன் அதிகாரி அவளுக்கு வெந்நீர் கொடுத்து உபசரித்தார்.

"பாத்திரமெல்லாம் பத்திரமா கிடங்குல இருக்கு அக்கா. ஆனா திருப்பித் தரமுடியாது."

"ஏன்?"

"நீங்க அதையெல்லாம் விட்டுட்டதா படத்துல வருதே. நாங்க திருப்பிக் குடுத்துட்டா படம் பொய்யாயிடுமே! போதும் அறக்கட்டளை உண்மையை மட்டும்தான் காட்டும்."

"அப்ப நான் எதுல சமைக்கிறது? ஆபீஸ் ஆபீஸா கேட்கிறாங்க. கிழவர் பிடிச்சு நடக்கிற கம்பி, அதையாவது குடுங்க!"

"படம் வரட்டும், பாருங்க. உங்க கேள்விக்கெல்லாம் அதுல பதில் இருக்கு." அவர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். "அப்புறம் அக்கா, நம்ம ஆபீஸ் சாப்பாட்டைப் பக்கத்துத் தெருக்காரருக்குக் குடுத்தாச்சு. உங்ககிட்டதான் பாத்திரம் இல்லையே."

அவளுக்கு அழுகை இல்லை. காது மடல் சூடாகி, கண் முன்னால் எல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. தெருவில் இறங்கிய பிறகுதான் கேட்டிருக்கவேண்டிய கேள்விகள் எல்லாம் நாக்குக்கு வந்தன. வண்டியை நிறுத்தி, ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் குத்தினாள்.

மற்ற அலுவலகங்களும் ஒவ்வொன்றாக வேறு ஆளைப் பார்த்துக்கொண்டன. பக்கத்து வீட்டம்மா கொடுத்த ஒரு பானையில் வீட்டுக்கு மட்டும் சமைத்தாள். மகள் ஆஸ்பத்திரியிலிருந்து பழைய கம்பிச் சட்டம் ஒன்றை இரவல் வாங்கி வந்தாள். அதை ஒரு கையால் பிடிக்க முடியாது. மாமனார் கட்டிலோடு கிடந்தார்.

படத்தின் முதல் திரையிடல் ஒரு பகல் விழாவாக, பெரிய மண்டபத்தில் நடந்தது. குடும்பத்தையே அழைத்திருந்தார்கள். மேடையில் ஏறி ஒரே ஒரு சொல் சொன்னால் போதும் என்றார்கள். அந்தச் சொல்லும் 'போதும்' என்பதுதான். பாத்திரத்தை அங்கேயே கேட்டுவிடலாம் என்று அவள் கிளம்பினாள். மாமனாரை வண்டியின் முன்சீட்டில் உட்காரவைத்து, கணவனும் மகளும் பின்னால் ஏறிக்கொண்டார்கள்.

வாசலில் ஒவ்வொரு விருந்தினருக்கும் ஒரு பரிசுப் பை. வாழ்நாளுக்கு இது ஒன்றே போதும் என்று எழுதிய வெள்ளைக் கிண்ணம், அதைத் துடைக்கத் துணி, துணியை வைக்க உறை, உறையை வைக்கப் பெட்டி, குறைவாக வாழ்வது பற்றித் தலையணை அளவில் ஒரு புத்தகம்.

படம் ஓடியது. பஞ்சு மானுக்குப் பக்கத்தில் அவள் சீசாக் கண்ணீர் விட்டாள். அரங்கம் 'அடப்பாவமே' என்றது. வீடு வெள்ளையாயிற்று. கடைசியில் மாமனார் வந்தார். ஒரு அடி, இன்னொரு அடி. பிறகு மிக மெதுவாக, வயலின் இசையோடு, ஒரு இலை உதிர்வதைப்போல் விழுந்தார். பின்னணிக் குரல் சொன்னது: "வாழ்நாள் முழுதும் பற்றியிருந்ததை அந்தக் கணத்தில் அவர் கைவிட்டார்."

அரங்கம் விம்மியது.

"கைவிடலைடா, கை உடைஞ்சுதுடா!" என்று மாமனார் தன் இருக்கையிலிருந்து கத்தினார். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் ஓடிவந்து, மற்றவர்களின் அமைதியைக் கெடுக்கவேண்டாம் என்று வேண்டிக்கொண்டார்.

விளக்கு எரிந்ததும் தலைவர் பேசினார்.

"நண்பர்களே, குறைவைப் பத்திச் சொல்ல நிறைய இருக்கு. அதனாலதான் அடுத்து இதே தலைப்புல பத்துப் படம் எடுக்கப்போறோம். ஒரு குடும்பத்துக்கு ஒரு கிண்ணம் போதும்ங்கற உண்மையைக் கண்டுபிடிக்க எங்க குழு ஏழு நாடு சுத்திச்சு. மக்கள் விட்டுட்ட பொருளால நம்ம ரெண்டு கிடங்கும் நிரம்பி வழியுது. இது யாரோட வெற்றி? உங்க வெற்றி! மூணாவது கிடங்குக்கு மலையடிவாரத்துல இடம் பார்த்தாச்சு. மரங்களை மட்டும் வெட்டணும். எனக்குன்னு நான் எதையுமே வெச்சுக்கலை. எல்லாமே அறக்கட்டளை பேர்லதான் இருக்கு." கைதட்டல் அடங்க நேரமாயிற்று. "இப்ப நம்ம அக்கா வருவாங்க. ஒரே ஒரு சொல்."

அவள் மேடையேறினாள். ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

"எங்க மாமாவை இவங்க கீழே தள்ளிட்டாங்க. தள்ளலைன்னு சொல்லுவாங்க. பிடிக்கிறதுக்கு இருந்த எல்லாத்தையும் எடுத்துட்டு நடன்னா அது தள்ளினதுதான். அந்த மான் எங்களோடது இல்லை. எங்களோடது எதுவோ அதை எடுத்துட்டுப் போயிட்டாங்க. என் பொழைப்பு போச்சு. என் பாத்திரத்தைக் குடுங்க."

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன ஒரு நேர்மை!" என்றார். இயக்குநர் கேமராக்காரரிடம் கையசைத்து, கிட்டே போகச் சொன்னார். தான் என்ன சொன்னாலும் இவர்கள் கைதட்டுவார்கள் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது.

மேடையின் பக்கவாட்டில் வெள்ளைத் திரைக்குப் பின்னால் விருந்து தயாராகிக்கொண்டிருந்தது. கீழே இருந்தவர்களுக்குத் தெரியாது, மேடையிலிருந்து தெரிந்தது. ஆவி பறக்கும் ஒரு அண்டா. அதன் உடைந்த ஒரு காதில் லிஃப்ட் கம்பியைச் சுற்றி எப்போதோ பற்றவைத்திருந்தது அவள் கணவன்தான்.

அவள் ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டு இறங்கி நேராகத் திரைக்குப் பின்னால் போனாள். எல்லாம் இருந்தன. அண்டா, குண்டா, கேரியர், அகப்பை, அத்தனையும். பக்கத்துத் தெருச் சமையல்காரர் அவளைப் பார்த்ததும் கரண்டியை விட்டுவிட்டார்.

"உங்களோடதா அக்கா? சத்தியமா எனக்குத் தெரியாது. கிடங்குலேர்ந்து எடுத்துக்கோன்னு குடுத்தாங்க."

"உங்க மேல தப்பில்லை. தள்ளிக்கோங்க."

தலைவரும் இயக்குநரும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். பின்னாலேயே விருந்தினர் கூட்டமும், அதை விலக்கிக்கொண்டு கணவனும் மகளும் வந்தார்கள். "அக்கா, என்ன பண்றீங்க? எல்லாரும் சாப்பிடணும்" என்றார் தலைவர்.

"தாராளமா சாப்பிடட்டும். சாப்பாடு உங்களோடது, பாத்திரம் என்னோடது. நான் இப்பவே காலி பண்ணிக் குடுக்கறேன்." அவள் அகப்பையை எடுத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தாள். "எல்லார்கிட்டயும் கிண்ணம் இருக்கில்லே? நீட்டுங்க!"

யாரும் நீட்டவில்லை. ஒருவர் பையைத் திறந்து கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, அதன் மேல் கட்டியிருந்த நாடாவை அவிழ்க்க மனமில்லாமல் மூடிக்கொண்டார். இன்னொருவர், "இது சாப்பிடறதுக்கு இல்லைம்மா, வெச்சுப் பார்க்கறதுக்கு" என்று விளக்கினார். அவள் அகப்பையோடு காத்திருந்தாள்.

"நீட்டமாட்டீங்க, இல்லே? வாழ்நாளுக்குப் போதும்னு எழுதியிருக்கு, ஒரு வேளைக்குப் போதலை!" அவள் அகப்பையை அண்டாவில் போட்டாள். "என்னங்க, தூக்குங்க."

கணவன் ஒரு காதைப் பிடித்தான். அவள் இன்னொன்றை. மகள் கேரியர்களை எடுத்தாள். பக்கத்துத் தெருச் சமையல்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒரு குண்டாவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். தடுக்கவந்த வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஆவியின் சூட்டுக்கு விலகினார்கள்.

தலைவர் ஒலிவாங்கிக்குத் திரும்பினார். "நண்பர்களே, இன்னிக்கு விருந்து இல்லை. இல்லாமையே விருந்து!" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டி முடித்து ஆளுக்கொரு போனை எடுத்தார்கள். மாமனாரையும் பாத்திரங்களையும் ஏற்றிக்கொண்டு வண்டி மண்டபத்தின் வெளிவாசலை அடைந்தபோது, முதுகில் சாப்பாட்டுப் பெட்டி கட்டிய இருசக்கர வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே நுழைந்துகொண்டிருந்தன.

அன்று அவர்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் விருந்துச் சாப்பாடு. நன்றாகத்தான் இருந்தது; உப்பு மட்டும் சற்றுத் தூக்கல். மறுவாரம் அலுவலகங்களில் பாதி அவளிடம் திரும்பி வந்தன. மீதி வரவில்லை. கம்பிச் சட்டம் கடைசிவரை கிடைக்கவே இல்லை.

படத்துக்கு விருது வந்தது. இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மாமனார் விழும் இடத்தில் ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். வெளியே வந்ததும் கிண்ணம் வாங்குகிறார்கள். அவருடைய மணிக்கட்டு கோணலாகத்தான் கூடியது. காலையில் மருமகள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து அவருக்குச் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிடுகிறாள். அப்போது அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்துப் பொத்தான்வரை ஒவ்வொன்றாகப் போட்டு முடிப்பாள்.